வலையும் எதிர்நோக்கும்: லீ லின்-சியூவின் பாடல்கள் பற்றிய ஒரு நோக்கு

ஒரு பாடல் மக்கள் நாவில் நெடுங்காலம் நிலைத்துவிடுமாயின், அதற்குப் புதுப்பொருள் கற்பிப்போரும் பெருகிவிடுவர். அதனை ஆக்கியவர் யார், எத்தகைய தொழிற்சூழலில் ஆக்கினார், யாருடைய தேவைக்காக ஆக்கினார் என்னும் வினாக்கள் பின்தள்ளப்பட, பாடல் ஓரினத்தின் குரலாகவோ ஒரு காலத்தின் குறியீடாகவோ மாத்திரம் எஞ்சிவிடுகின்றது. தாய்வான் தீவில் ஹொக்கியன் மொழியில் 1930களில் எழுந்த இசைத்தட்டுப் பாடல்கள் இந்நிலைக்கு ஆளானவை. அவற்றை இயற்றியோருள் முதன்மையானவர்களில் ஒருவர் லீ லின்-சியூ (1909-1979). இவருடைய வாழ்க்கையையும் இரு பாடல்களையும் எடுத்துக்கொண்டு, இத்தகைய ஆக்கங்கள் எவ்வாறு வாசிக்கப்படுதல் வேண்டும் என்பதனை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஹொக்கியன், சீனாவின் தென்கீழ்க் கரையிலுள்ள புஜியன் மாகாணத்தின் தென்பகுதியில் வழங்கும் மொழியாகும். அப்பகுதியிலிருந்து கடல்கடந்து சென்றோர் அதனைத் தாய்வானுக்கும், பினாங்கு, சிங்கப்பூர், மணிலா முதலிய துறைமுகங்களுக்கும் கொண்டு சென்றனர். மலாயாவில் உத்தியோகம் பார்த்து மீண்ட நம்மவர் சிலருக்கு அதன் ஓசையேனும் பழக்கமாயிருந்திருத்தல் கூடும். தொனி வேறுபாட்டாற் பொருள் வேறுபடும் மொழிகளுள் அதுவும் ஒன்று. தாய்வான் 1895இல் யப்பானியர் ஆட்சிக்கு உட்பட்டது. பள்ளியில் யப்பானிய மொழி. கற்றோர் கவிதை எழுதப் பழஞ்சீனம். வீட்டிலும் சந்தையிலும் ஹொக்கியன். மூன்று மொழிகளும் மூன்று படிகளில் நின்ற அச்சமூகத்தில், மிகப் பெரும்பாலானோர் பேசிய மொழியே எழுத்தில் மிகக் குறைவாக வழங்கிற்று. ‘கோவா’ எனப்பட்ட கதைப்பாடற் குறுநூல்களும், கிறித்தவத் திருச்சபையினர் உரோம எழுத்தில் அச்சிட்டவையுமே அதன் எழுத்துவழக்கிற் பெரும்பகுதியாயிருந்தன.

லீ லின்-சியூ தாய்பே நகரிற் பிறந்தவர். தம்சூயி ஆற்றங்கரையில் தேயிலை வணிகத்தாற் செழித்த தாதாவோசெங் பகுதியே அவர் வாழ்க்கைக் களம். தாய்வான் சிறார்க்கென யப்பானிய அரசு நடத்திய பொதுப் பள்ளியுடன் அவருடைய முறைசார்ந்த கல்வி முடிவுற்றது. குடும்பத்தின் செல்வநிலை தாழ்ந்தமையால் இளமையிலேயே உழைக்க வேண்டியவரானார். பழஞ்சீன இலக்கியத்தைத் தம் முயற்சியாற் கற்றார். 1924இல் அப்பகுதியிற் கட்டப்பெற்ற யுங்-லெ அரங்கில், தேநீர் கொண்டு கொடுக்கும் ஏவலாளாகச் சேர்ந்து, பின்னர் எழுதுவினைஞராக உயர்ந்தார். நாடகமும் இசைநாடகமும் சலனப்படமும் மாறிமாறி நிகழ்ந்த அவ்வரங்கே அவர்க்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று எனலாம். இசைப்பயிற்சி பெற்றவரல்லர், இலக்கியக் குழு எதனிலிருந்தும் தோன்றியவருமல்லர். திரைக்குப் பின்னாலும் நுழைவுச்சீட்டுப் பெட்டியருகிலும் நின்று, எந்தக் காட்சிக்குக் கூட்டம் கண்ணீர் விடுகின்றது, எதற்குச் சிரிக்கின்றது என்பதை நாள்தோறும் கண்டவர். பிற்கால வாழ்க்கைக் குறிப்புகள் இதனைச் சிறு செய்தியாகக் கூறி அப்பாற் செல்கின்றன. நாம் இதனை அவருடைய கலையின் அடித்தளமாகவே கொள்கின்றோம்.

அக்கால இலக்கியச் சூழலையும் இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். 1930இல் ஹுவாங் ஷி-ஹுய் என்பார், தாய்வானிற் பிறந்து தாய்வான் மொழி பேசும் எழுத்தாளன் அம்மொழியிலேயே எழுதுதல் வேண்டுமென வாதிட்டார். அடுத்த ஆண்டில் குவோ சியூ-ஷெங் அவ்வாதத்தை முன்னெடுத்து, நாட்டார் பாடல்களைத் தொகுத்து எழுத்தில் நிலைநிறுத்துவதிலிருந்து அம்முயற்சி தொடங்குதல் தகுமென்றார். எதிரணியினரோ, சீனப் பெருநிலத்தில் வளர்ந்துவந்த வழக்குமொழி உரைநடையே போதுமானது, தீவின் பேச்சுமொழி இலக்கியத்துக்குப் போதாத செப்பமற்ற மொழி என்றனர். பேச்சுமொழி இலக்கியத்துக்கு ஆகுமா எனக் கற்றோர் ஏடுகளில் வழக்காடிய அவ்வாண்டுகளிலேயே, அரங்கொன்றின் எழுதுவினைஞர் அதனை ஆக்கிக் காட்டிவிட்டார். விவாதத்துக்கு விடையிறுப்பதாக அவர் கருதியதற்குச் சான்றேதுமில்லை. அவர் எழுதியது விளம்பரத்துக்காகவே.

இவ்விடத்திற் பாடல் வடிவின் பொருளாதாரத்தைச் சற்று விரிவாக நோக்குதல் பயனுடைத்து. 1931இல் சாங்காயில் தயாரிக்கப்பெற்ற ‘பீச் மலர் சிந்திய குருதி’ என்னும் பேசாப்படம் 1932இல் தாய்வானிற் காட்டப்பட்டது. பேசாப்படத்துக்குத் திரையருகே நின்று கதைகூறும் படவிளக்குநர் ஒருவர் வேண்டும். அத்தொழில் செய்த சான் தியென்-மா, படத்தை விளம்பரப்படுத்தப் பாடலொன்றை எழுதினார். வாங் யுன்-ஃபெங் மெட்டமைத்தார். வாத்தியக் குழுவொன்று அதனைத் தெருத்தெருவாக இசைத்துச் சென்றது. தாய்பேயில் யப்பானியர் நடத்திய கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம், இசைநாடக மேடையிலிருந்து வந்த சுன்-சுன் என்னும் பாடகியைக் கொண்டு அதனைப் பதிவுசெய்து பெருவெற்றி கண்டது. ஹொக்கியன் வெகுசனப் பாடலின் தொடக்கம் இதுவேயென வரலாற்றாசிரியர் கூறுவர். ஆயின், வடிவத்தில் அது புதிதன்று. ஏழசை நான்கடி கொண்ட பழைய கதைப்பாடல் யாப்பிற் பத்து அடுக்குகளாகப் படத்தின் கதையைச் சொல்லி, காதற்றிருமணத்துக்குப் பெற்றோர் தடையாகலாகாது என்ற அறிவுரையுடன் முடிவது அது. படவிளக்குநரின் குரலே அதில் ஒலிக்கின்றது. கதை மாந்தரின் குரலன்று.

லீ லின்-சியூவும் இவ்வாறே படவிளம்பரப் பாடல்களுடன் தொடங்கினார். ‘ஒரு சிவப்பு முட்டை’ என்ற அவருடைய தொடக்ககாலப் பாடல் குறிப்பிடத்தக்கது. குழந்தை பிறந்த வீட்டார் செஞ்சாயமிட்ட முட்டையை உறவினர்க்கு வழங்கும் வழக்கத்தை அடியாகக்கொண்டு, பிள்ளைப்பேறு வாய்க்காத மனைவியின் துயரைப் பாடுவது அது. இங்கே ஒரு திருப்பம் நிகழ்ந்துள்ளமையைக் காண்கின்றோம். கதை சொல்பவன் விலகிக்கொள்ள, துயருற்றவளே பேசுகின்றாள். இப்பாடலுக்கு மெட்டமைத்த தெங் யூ-சியென் (1906-1944), யப்பான் சென்று இசை பயின்று மீண்ட பள்ளி ஆசிரியர், ஹக்கா இனத்தவர். ஹொக்கியன் பாடலின் செவ்விய மெட்டுகள் பல ஹக்கா ஒருவரால் ஆக்கப்பெற்றவை என்பது, மொழித்தூய்மை பேசுவோர் மறந்துவிடும் செய்தி.

1933இல் இவ்விருவரும் இணைந்து ஆக்கிய ‘வசந்தத் தென்றலை எதிர்நோக்கி’ என்னும் பாடல் கொலம்பியா நிறுவனத்தால், சுன்-சுன் பாட, வெளியிடப்பட்டது. பத்து அடுக்குகள் இங்கு இரண்டாகச் சுருங்கிவிட்டன. அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். அவ்வெல்லைக்குள் கதை சொல்லல் அரிது. ஒரு கணத்தைக் காட்டலாம். தொழில்நுட்பம் விதித்த இந்நெருக்கடியைக் கலைப்பயனாக மாற்றியமையே லீ லின்-சியூவின் சாதனை. ஏழசை, ஐந்தசை என மாறிமாறி வரும் அடிகள். முதலடுக்கு முழுவதும் அடியிறுதிகள் ஒரே உயிரொலியில் இயைபு பெறுகின்றன. பழைய யாப்பின் ஏழசையடி கேட்போர்க்குப் பழக்கமானது. அதனையடுத்து வரும் ஐந்தசையடி, பேசவந்ததைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்ளும் நாணத்தின் ஓசையாக அமைகின்றது.

பாடலின் நிகழ்ச்சி மிகச் சிறியது. இரவில் விளக்கருகே தனித்திருக்கும், மணமாகாத பதினேழு பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி தான் கண்ட இளைஞனை நினைக்கின்றாள். அவன் எக்குடியினன் எனக் கேட்க விழைகின்றாள், நாணம் தடுக்கின்றது. மனத்துள் நரம்பிசைக் கருவி அதிர்கின்றது. அவனைக் கணவனாகப் பெற எண்ணுகின்றாள்; மலர்ந்த பூவைக் கொய்ய எப்போது வருவான் என்றிருக்கின்றாள். வெளியே யாரோ வரும் ஓசை கேட்கக் கதவைத் திறக்கின்றாள். எவருமில்லை, காற்று. காற்றிடம் ஏமாந்ததையும் அறியாத பேதையென நிலவு அவளைப் பார்த்துச் சிரிக்கின்றது. நம் அகப்பாடல் மரபிற் பயின்றோர் இதனைத் தலைவி கூற்று என எளிதில் இனங்கண்டுகொள்வர்.

இப்பாடலுக்குச் சீனத்துப் பழைய நாடகமான ‘மேலைக் கூடத்துக் கதை’யிலுள்ள வரியொன்று தூண்டுகோலாயிற்றென ஆசிரியரே கூறியுள்ளார். மதிலருகே மலர்நிழல் அசைய, காதலன் வந்துவிட்டானோ என்ற ஐயம் எழுவதாக அமைந்தது அவ்வரி. மூலத்திற்கும் பாடலுக்குமுள்ள வேறுபாட்டை விமரிசகர் பலர் நோக்கத் தவறியுள்ளனர். நாடகத்தில் அவ்வரி உயர்குடிப் பெண்ணொருத்தி தானே எழுதியனுப்பும் கவிதையின் பகுதி. அதனைப் படித்த இளைஞன் மதிலேறி வந்தும் விடுகின்றான். லீ லின்-சியூவின் பெண்ணோ எழுத்தறிவைக் காட்டிக்கொள்பவளல்லள், எவருக்கும் எதனையும் அனுப்புவதில்லை, எவனும் வருவதுமில்லை. வீட்டார் முடிவுசெய்யும் திருமணத்தைத் தவிர வேறு வழியறியாத சமூகத்தில், விருப்பம் கதவு வரையிலேயே செல்ல முடியும் என்பதனைப் பாடல் அறிவுரையாகக் கூறாமற் காட்டிவிடுகின்றது. ‘பீச் மலர்’ப் பாடல் வெளிப்படையாக முழங்கிய கருத்தே இங்கு ஒரு திறந்த கதவாகவும் ஒரு சிரிப்பாகவும் சுருங்கி வலிமை பெற்றுள்ளது. அன்றியும், அச்சிரிப்பில் வன்மம் இல்லை. ஆண் ஆசிரியர் பெண்குரலை எடுத்தாளும்போது நேரக்கூடிய மிகையுருக்கத்தை அந்நிலவு தடுத்துவிடுகின்றது.

இத்துணை நுண்ணிய பாடலைப் பிற்காலத்தார் என்ன செய்தனர்? அந்நியராட்சியில் விடுதலையை எதிர்நோக்கிய தீவே அப்பெண், வசந்தமே விடுதலை என்று விளக்குவோர் பலர். தாய்வானில் 1949 முதல் 1987 வரை நிலவிய இராணுவச் சட்டத்தின் பிற்பகுதியில் மக்களாட்சி கோரிய எதிரணியினர் கூட்டங்களில் இத்தகைய பழம்பாடல்கள் பாடப்பட்டமையும் இவ்வாசிப்புக்கு உரமூட்டிற்று. பாடுவோர்க்கு அவ்வுரிமை உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின், விமரிசகன் அவ்வாறு கூறும்போது சான்று தருதல் வேண்டும். பாடலினுள் அதற்கான குறிப்பேதும் இல்லை. மேலும், விடுதலை என்பது வந்தே தீரவேண்டிய ஒன்றாயின், இறுதியில் நிலவு சிரிப்பது யாரை நோக்கி? குறியீட்டு விளக்கம் பாடலின் மிகச் சிறந்த பகுதியைத் தாண்டிச் சென்றாலன்றி நிலைபெறாது.

குறியீட்டு வாசிப்பில் முன்னோடிகளாயிருந்தோர் அதிகாரத்தில் இருந்தவர்களே என்பதும் எண்ணத்தக்கது. 1937இல் சீன-யப்பானியப் போர் மூண்டபின், யப்பானிய ஆட்சியினர் தாய்வான் மக்களைப் பேரரசின் குடிகளாக உருமாற்ற முனைந்தனர். தெங் யூ-சியெனின் புகழ்பெற்ற மெட்டுகள் யப்பானிய மொழியிற் போர்ப்பாடல்களாக்கப்பட்டன. விளக்கருகே இருந்த பெண்ணின் மெட்டு ‘நிலம் அழைக்கின்றது’ என்னும் பாடலாயிற்று. சோ தியென்-வாங் சொல்லமைத்த ‘மழையிரவு மலர்’ என்பதன் மெட்டு, படைச் சுமையாளின் பெருமையைப் பாடுவதாயிற்று. தனியொருத்தியின் ஏக்கத்தை எடுத்து அரசின் ஏக்கமாக மாற்றும் வேலை அன்றே தொடங்கிவிட்டது. போருக்குப் பின் வந்த குவோமிந்தாங் ஆட்சி இதே வேலையை ஐயத்தோடு செய்தது. லீ லின்-சியூவும் தெங் யூ-சியெனும் 1938இல் ஆக்கிய ‘நான்கு பருவச் செம்மை’ என்னும் காதலுரையாடற் பாடலின் தலைப்பிலிருந்த செம்மை பொதுவுடைமையைச் சுட்டுமோ என்ற அச்சத்தால், அது ‘நான்கு பருவப் பாடல்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. பூவின் நிறத்திற் கொடியின் நிறத்தைக் கண்ட தணிக்கையாளரும், தென்றலில் விடுதலையைக் காணும் விமரிசகரும் வாசிப்பு முறையால் ஒருவரே. நோக்கம் வேறு என்பதனால் முறை சரியாகிவிடாது.

எனினும், குறியீட்டு வாசிப்பு அனைத்தும் தவறென்று கூறுதலும் பொருந்தாது. மொழியே அதற்கு இடமளிக்குமிடத்து அதனை ஏற்றல் வேண்டும். 1948இல் வெளிவந்த ‘கிழிந்த வலையைப் பொத்துதல்’ அத்தகையது. இடையில் நிகழ்ந்தவை பல. சுன்-சுன் 1943இல் மறைந்தார். தெங் யூ-சியென் 1940இல் தாய்பேயை விட்டு நீங்கிச் சின்சூப் பகுதியில் ஆசிரியப் பணியேற்று, 1944இல், நாற்பது வயதையும் எட்டாமல் இறந்தார். போர் முடிந்தது, யப்பானியர் சென்றனர், விலைவாசி கட்டுக்கடங்காது ஏறிற்று, 1947 பெப்ரவரி 28ஐத் தொடர்ந்த நாட்களில் புதிய ஆட்சியின் படையினரால் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். பழைய துணைவரை இழந்த லீ லின்-சியூவின் சொற்களுக்கு, ‘பீச் மலர்’ப் பாடலுக்கு இசையமைத்த வாங் யுன்-ஃபெங் மெட்டமைத்தார்.

ஹொக்கியன் மொழியில் ‘வலை’ என்னும் சொல்லும் ‘எதிர்நோக்கல், நம்பிக்கை’ என்னும் சொல்லும் ஒலியாலும் தொனியாலும் ஒன்றே: பாங். 1933ஆம் ஆண்டுப் பாடலின் தலைப்பில் முதலாவதாக நின்ற ஒலி, பதினைந்து ஆண்டுகளின் பின் இப்பாடலின் தலைப்பில் ஈற்றிலே நிற்கின்றது. இது தற்செயலன்று என்பதற்கு யாப்பே சான்று. முதலடுக்கின் அடிகள் அனைத்தும் அவ்வொலியோடு இயையும் வண்ணம் அமைக்கப்பட்டுள்ளன. ஓரடி ‘நம்பிக்கை’ என்ற சொல்லில் முடிகின்றது. ஓரடி இடைவிட்டு வரும் ஈற்றடி ‘வலை’ என்ற சொல்லில் முடிகின்றது. செவிக்கு இரண்டும் ஒன்றே. கேட்போன் வலையைக் கேட்டானா நம்பிக்கையைக் கேட்டானா எனப் பிரித்தறிய வேண்டியதில்லை. எழுத்திற் படிப்போனுக்கு இரு வேறு எழுத்துருக்கள் அதனைப் பிரித்துக் காட்டிவிடும். ஆகவே, இந்நயம் பேச்சுமொழிப் பாடலுக்கே உரியது; பழஞ்சீனக் கவிதையை யப்பானிய ஓசையிலோ வடசீன ஓசையிலோ படித்தால் கிட்டாதது. நம் மொழியிலும் ‘பொத்தல்’ என்பது ஓட்டையையும் அதனை அடைக்கும் செயலையும் ஒருங்கே குறிக்கும் என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

பாடலில் பேசும் குரல் வலையைக் கண்டு கண் சிவக்கின்றது. இவ்வளவு பெரிய கிழிசலைப் பொத்தக் கையில் ஒன்றுமில்லை. இன்று கைவிட்டால் என்றும் நம்பிக்கையில்லை. ஆதலால் கருவி தேடத் தொடங்குகின்றது. இரண்டாம் அடுக்கில் வலை கையில் ஏறுகின்றது, தலை கனக்கின்றது, ஊசிநூலோடு வந்து உதவ வேண்டிய அன்புக்குரியவர் எங்கோ மறைந்துள்ளார். வானத்து ஆற்றின் இரு கரைகளிற் பிரிந்து நிற்கும் இடையனும் நெசவுப் பெண்ணும் பற்றிய சீனக் கதையை நினைவூட்டி, வலைநூலே அவ்வாற்றுக்குப் பாலமாகின்றது. காதற் பிரிவைப் பாடியது இது என்போரும், சிதைந்த நாட்டைப் பாடியது என்போரும் உளர். இங்கு நாம் முன்னைய பாடலைப்பற்றிக் கூறியதை மீளக் கூறமாட்டோம். ஒரு சொல்லில் இரு பொருளை வைத்தவர் ஆசிரியரே. கிழிந்தது எது என்பதைக் கேட்போர் தத்தம் வாழ்விலிருந்து நிரப்பிக்கொள்ளுமாறு அவர் விட்டுவைத்துள்ளார். மீனவர் தொழிற்கருவியே உவமையாதலின், பொதுமையிற் கரைந்துபோகாத திண்மையும் உண்டு. 1933இன் பெண் கதவைத் திறந்து பார்த்து நின்றாள்; இக்குரலோ வேலை செய்கின்றது. கவிஞரின் வளர்ச்சியை இவ்விடத்திற்றான் காண்கின்றோம்.

இப்பாடலும் சோர்வையூட்டுவது என்ற குற்றச்சாட்டுக்கும் தடைக்கும் ஆளாயிற்று. இன்று வழங்கும் வடிவில் மூன்றாம் அடுக்கு ஒன்றும் உண்டு. மழை விட்டு வானம் வெளிக்கின்றது, மீன் துறைமுகத்தை நிறைக்கின்றது, பிரிந்தோர் கூடுகின்றனர், இனி வலை பொத்த வேண்டியதில்லை. திரைப்படமொன்றின் தேவைக்காக மகிழ்ச்சி முடிவாகப் பிற்பட இணைக்கப்பட்டது இவ்வடுக்கு என்றும், ஆசிரியர்க்கு அதில் உடன்பாடு இருக்கவில்லை என்றும் கூறுவர். வரலாறு எவ்வாறாயினும், பாடலின் உள்ளமைப்பே அதனை ஏற்க மறுக்கின்றது. முதலிரண்டு அடுக்குகளும் ஒரு செயலை நோக்கி நகர்கின்றன: கருவி தேடல், பொத்தல். மூன்றாவதிற் செயல் இல்லை. வானிலை மாறிற்று என்பதே உண்டு. கிழிசலைப் பொத்தியது யார் என்று அது சொல்லவில்லை. மழை நின்றதும் கிழிசலும் மறைந்துவிட்டது போலும். வணிகத் தேவை 1933இல் பாடலைச் சுருக்கி உயர்த்தியது. இங்கே அதே வணிகத் தேவை பாடலை நீட்டித் தாழ்த்திவிட்டது. வெகுசனக் கலையை வணிகம் கெடுத்தது என்றோ வணிகமே வளர்த்தது என்றோ ஒரே மூச்சிற் கூறுவோர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே நோக்குதல் நன்று.

லீ லின்-சியூ 1979இல் மறைந்தார். ‘கிழிந்த வலையைப் பொத்துதல்’ பாடப்படுமிடத்து மூன்றடுக்கும் பாடுவோர் உண்டு. இரண்டோடு நிறுத்துவோரும் உண்டு. இரண்டோடு நிறுத்துவோர் பாடும்போது, ஊசி இன்னும் கிழிசலின் இருபுறத்தையும் இணைத்துக்கொண்டிருக்கப் பாடல் முடிகின்றது. அதுவே செம்மையான பாடம் என்பது நமது கருத்து.